தபாலில் போடாத கடிதம்

புனேயில் இருந்து லோனாவ்லா போகும் லோக்கல் ரயிலில் ஏறினால், ஆகுர்டிக்கு அடுத்து வரும் ஸ்டேஷன் தேஹு ரோடு. இறங்கி மார்க்கெட் பக்கம் நாலு எட்டு நடந்தால் போதும். தமிழ்ப் பேச்சு காதில் விழும்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் இங்கே ராணுவ டிப்போ வந்தது. சாமான் ஏற்றவும் இறக்கவும், கணக்கு எழுதவும் ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். அவர்களின் பேரன் பேத்திகள் இன்று மராத்தியும் தமிழும் கலந்து பேசுகிறார்கள்.

ராணுவத்தை நம்பி வளர்ந்த ஊர் இது. ஆகவே இங்குள்ளவர்களுக்கு இரண்டு விஷயங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று, இரும்பு டிரங்குப் பெட்டி. மற்றொன்று, "56 ஏ.பி.ஓ." என்ற விலாசம்.

பட்டாளத்துக்குப் போன பிள்ளை திரும்பி வரும்போது, பின்னாலேயே அவன் பெட்டியும் வரும். பிள்ளை வராமல் பெட்டி மட்டும் வந்தால், அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒரு பெட்டிக்குள் இருந்த கடிதத்தின் கதை இது. நடந்தது அமெரிக்காவில். ஆண்டு 1861.

அண்ணன் தம்பி சண்டை

அமெரிக்கா இன்று ஒரே நாடு. அன்று அது இரண்டாக உடைந்து நின்றது.

தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்டவர்களின் சந்ததியார். மாட்டை விற்பது போல மனிதனை விற்றார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் விலை போவதும் உண்டு. 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இப்படி அடிமைகளாக இருந்தார்கள்.

ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆனார். அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று பயந்த 11 தென் மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி அரசு அமைத்தன. 1861 ஏப்ரலில் சண்டை மூண்டது.

நான்கு ஆண்டு நடந்த போர். அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம் நின்ற குடும்பங்களும் உண்டு. 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். குண்டடி பட்டுச் செத்தவர்களைக் காட்டிலும், வயிற்றுக் கடுப்பிலும் விஷக் காய்ச்சலிலும் செத்தவர்களே அதிகம்.

மேஜரின் மனைவி

ரோட் ஐலண்டு என்பது வடக்கே உள்ள ஒரு சின்ன மாநிலம். அங்கே சல்லிவன் பல்லோ என்று ஒரு வக்கீல் இருந்தார். ஏழ்மையில் வளர்ந்தவர். சிறு பையனாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தவர். கஷ்டப்பட்டுப் படித்து முன்னுக்கு வந்தார். மாநில சட்டசபையில் சபாநாயகராகவும் இருந்தார்.

1855-ல் அவருக்கும் சாராவுக்கும் கல்யாணம் நடந்தது. எட்கர், வில்லியம் என்று இரண்டு ஆண் பிள்ளைகள்.

போர் வந்ததும் பல்லோ தானாக முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தார். ரோட் ஐலண்டு இரண்டாவது படையில் மேஜர் பதவி. வயது 32. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் இளம் மனைவி, சிறு பிள்ளைகள். இருந்தும் போனார்.

1861 ஜூலை 14-ந் தேதி. வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் முகாம். இன்னும் ஓரிரு நாளில் படை கிளம்பும் என்று பேச்சு அடிபடுகிறது. பல்லோ பேனா எடுத்து மனைவிக்கு எழுதுகிறார்.

மறுபடி எழுத முடியுமோ முடியாதோ என்றுதான் கடிதத்தைத் தொடங்குகிறார்.

தான் நம்பி வந்த காரியத்தில் தனக்குச் சந்தேகம் இல்லை என்கிறார். முன்னோர்கள் ரத்தம் சிந்தி உண்டாக்கிய அரசு இது, அந்தக் கடனைத் தீர்க்க உயிரைக் கொடுக்கவும் தயார் என்கிறார்.

உடனே அடுத்த வரியில் மனம் தடுமாறுகிறது. தன் உயிரைக் கொடுப்பது சரி, ஆனால் சாராவின் சந்தோஷத்தையும் சேர்த்தல்லவா கொடுக்க வேண்டியிருக்கிறது? தகப்பன் இல்லாமல் வளர்ந்த தன்னுடைய கசப்பைத் தன் பிள்ளைகளும் குடிக்க வேண்டுமா? அவர் கேள்வியைத்தான் எழுதினார். பதில் எழுத முடியவில்லை.

உன் மீதுள்ள அன்பு பலமான கயிறுகளாக என்னைக் கட்டி இழுக்கிறது. நாட்டுப் பற்றோ பெருங்காற்றாக வந்து, அத்தனை கயிற்றோடும் என்னைப் போர்க்களத்துக்குத் தூக்கிப் போகிறது என்ற கருத்தில் எழுதுகிறார்.

பிறகு மன்னிப்புக் கேட்கிறார். எத்தனையோ தடவை யோசனை இல்லாமல் உன் மனம் நோக நடந்திருக்கிறேன், அதையெல்லாம் மறந்துவிடு என்கிறார். நான் செத்துவிட்டேன் என்று அழாதே, முன்னால் போய்க் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள் என்கிறார். சின்னவனுக்கு என் முகம் நினைவிருக்காது, பெரியவனுக்குக் கொஞ்சம் இருக்கும் என்று பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறார்.

எழுதி முடித்தார். ஆனால் தபாலில் போடவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

ஒரு வாரம்

ஜூலை 21. வர்ஜீனியாவில் புல் ரன் என்ற ஓடைப் பக்கம் முதல் பெரிய சண்டை. குதிரை மேல் இருந்த பல்லோவை பீரங்கிக் குண்டு தாக்கியது. குதிரை அங்கேயே விழுந்தது. மேஜரின் வலது கால் சிதைந்தது. காலை எடுத்தார்கள். ஒரு வாரம் உயிர் ஊசலாடியது. பிறகு அடங்கியது. பக்கத்தில் இருந்த மாதா கோவில் வளாகத்தில் புதைத்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை.

அந்த இடம் எதிரிப் படையின் கையில் இருந்தது. எதிரிச் சிப்பாய்கள் சிலர் புதைகுழியைத் தோண்டி, உடலை எடுத்துச் சிதைத்து எரித்தார்கள். 1862-ல் ரோட் ஐலண்டு கவர்னர் ஸ்பிரேக் தன் ஊர்க்காரர்களின் உடல்களை மீட்கப் போனபோது, பல்லோவின் உடலாகக் கிடைத்தவை சாம்பலும் கரிந்த எலும்பும்தான். அவற்றைச் சொந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள்.

அன்னியன் மேல் வரும் பகைக்கு ஓர் எல்லை இருக்கும். அண்ணன் தம்பிப் பகைக்கு எல்லையே கிடையாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

பெட்டி சாராவிடம் வந்தது. திறந்தால் உள்ளே கடிதம்!

அப்போது சாராவுக்கு வயது 24. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். 1917-ல் தமது 80-வது வயதில் காலமானார். கணவரின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் இடம் கிடைத்தது.

கணவரோடு வாழ்ந்தது ஆறு வருடத்துக்கும் குறைவு. அந்தக் கடிதத்தோடு வாழ்ந்தது 56 வருடம்.

பல்லோ கைப்பட எழுதிய காகிதம் இன்று இல்லை. சாராவோடு சேர்த்துப் புதைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அதைப் பார்த்துப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரதிகளால்தான் கடிதம் பிழைத்தது. 1990-ல் அமெரிக்க டெலிவிஷனில் உள்நாட்டுப் போரைப் பற்றிய தொடர் படம் வந்தபோது அதை வாசித்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள்.

தபால்காரர் வீட்டுக்கு வந்த கதை

கடிதத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருவது இன்று சாதாரணம். அமெரிக்காவில் அன்று அப்படி இல்லை. தனியாகக் காசு கொடுத்தால்தான் வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் தபால் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

கிளீவ்லாந்து நகரத்துத் தபால் ஆபீசில் ஜோசப் பிரிக்ஸ் என்று ஒரு ஊழியர் இருந்தார். 1862-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், போருக்குப் போனவர்களிடம் இருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கப் பெண்கள் நீண்ட வரிசையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தார். கடிதத்தை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அவர் எடுத்த முயற்சியும் சேர்ந்துதான், 1863 ஜூலை முதல் அமெரிக்க நகரங்களில் கட்டணம் இல்லாமல் வீடு தேடித் தபால் கொடுக்கும் வழக்கம் வந்தது என்று அந்த நாட்டுத் தபால் துறை சொல்கிறது.

மணியார்டர் கதையும் இதேதான். சிப்பாய் சம்பளப் பணத்தைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினால் வழியில் காணாமல் போய்விடும். ஆகவே 1864 நவம்பரில் அங்கே தபால் மணியார்டர் தொடங்கப்பட்டது. நம் நாட்டில் தபால் ஆபீஸ் மணியார்டர் வந்தது 1880-ல். ஊரில் உள்ள குடும்பத்துக்கு மாதா மாதம் பணம் அனுப்பி, கீழே உள்ள துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிப் பழகிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு கணவர், இன்னொரு கடிதம்

பல்லோ படித்தவர், பதவியில் இருந்தவர். சாமுவேல் கேபிள் அப்படி அல்ல. அவர் அடிமையாக இருந்தவர். வயது 21.

1863-ல் கறுப்பு மக்களுக்காக அமைக்கப்பட்ட மாசசூசெட்ஸ் 55-வது படையில் அவர் சிப்பாயாகச் சேர்ந்தார். அவர் மனைவியோ இன்னும் அடிமைத்தளையில் இருந்தார். மனைவிக்குக் கேபிள் கடிதம் எழுதினார். நான் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன், இந்த அடிமை முறையை ஒழிக்கத்தான் சேர்ந்தேன், நீ சுதந்திரமாக இருக்கும் நாளில் உன்னைப் பார்ப்பேன் என்பது அதன் சாரம்.

அந்தப் படைக்கு நேர்ந்த அநியாயத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர். அதிலும் துணிமணிக்கு என்று 3 டாலர் பிடித்தம்! கைக்கு வருவது 7 டாலர். குண்டு மட்டும் இருவருக்கும் ஒரே குண்டுதான்.

54, 55-வது படைகளின் சிப்பாய்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குறைந்த சம்பளத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். மீதியை மாநில அரசே தருகிறேன் என்றது. அதையும் வாங்கவில்லை. கேட்டது காசு அல்ல, சமம். ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளம் இல்லாமல் சண்டை போட்டார்கள். வீட்டில் மனைவி மக்கள் பட்டினி கிடந்தார்கள். 1864 ஜூனில் சமச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது.

கேபிள் பிழைத்துத் திரும்பினார். மிசூரி மாநிலத்துக்குப் போய் மனைவியை அழைத்துக்கொண்டார். இருவரும் டென்வர் நகருக்குப் போய்க் குடியேறினார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய கணவர்!

கடிதமே சாட்சி

கேபிளின் கடிதம் இன்றும் அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய ராணுவப் பைலில் இருக்கிறது. அந்தக் காப்பகத்தில் இப்படி ஆயிரக்கணக்கான சிப்பாய்க் கடிதங்கள் உண்டு. அவை அங்கே போய்ச் சேர்ந்த காரணம்தான் மனதைப் பிசைகிறது.

1862-ல் வந்த சட்டப்படி, போரில் இறந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர் பென்ஷன். ஆனால் நான்தான் மனைவி என்று நிரூபிக்க வேண்டும். மகனை இழந்த தாயாக இருந்தால், அவன் சம்பாத்தியத்தில்தான் நான் சாப்பிட்டேன் என்று காட்ட வேண்டும். பல பேரிடம் வேறு காகிதம் ஏதும் இல்லை. இருந்தது கடிதம் ஒன்றுதான். "அன்புள்ள மனைவிக்கு", "அம்மா, இத்துடன் இவ்வளவு பணம் அனுப்பியிருக்கிறேன்" என்று அவன் கைப்பட எழுதியதை மனுவோடு சேர்த்து சர்க்காருக்கு அனுப்பினார்கள்.

பென்ஷனுக்காகக் கணவனின் கடைசிக் கையெழுத்தையும் கொடுத்துவிட வேண்டிய நிலை. மனுவோடு போன கடிதம் பைலோடு தங்கிவிட்டது.

நம் பக்கத்தில்

கடல் கடந்த கதை இத்தோடு இருக்கட்டும். நம் பக்கத்துக்கு வருவோம்.

முதல் உலகப் போரில் பிரான்சு நாட்டில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களை வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். முக்கியமானவற்றை இங்கிலீஷில் பெயர்த்து எழுதிக்கொண்டார்கள். கடிதங்கள் வீடுகளுக்குப் போயின. பெரும்பாலானவை மழையிலும் கறையானிலும் போய்விட்டன. தணிக்கைக்காரர் எழுதிக்கொண்ட பிரதி மட்டும் லண்டன் நூலகத்தில் இருக்கிறது. வேவு பார்த்தவனால்தான் சிப்பாயின் வார்த்தை பிழைத்தது!

சுதந்திரத்துக்குப் பிறகு 1972 மார்ச் 1-ந் தேதி ராணுவத் தபால் பிரிவு தனிப் பிரிவாக ஆக்கப்பட்டது. அதன் பயிற்சி மையம் இதே மராட்டிய மாநிலத்தில், நாக்பூர் பக்கத்துக் காம்ப்டியில் இருக்கிறது.

பட்டாளத்துக்காரருக்குக் கடிதம் எழுதும்போது ஊர்ப் பெயர் எழுதுவதில்லை. நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். 56 என்றால் டில்லியில் உள்ள தலைமைத் தளத் தபால் நிலையத்துக்கும், 99 என்றால் கல்கத்தாவில் உள்ளதற்கும் போகும். எந்தப் படை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மனைவிக்குத் தெரியாது. கணவன் பனிமலையில் இருக்கிறானா, பாலைவனத்தில் இருக்கிறானா என்பது அவள் எழுதும் விலாசத்தில் இருக்காது.

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் விடுதலைப்புலிகளோடு சண்டை போடும் படையாக மாறியது. அன்னிய மண்ணில் நடந்த உள்நாட்டுப் போரில் நம் சிப்பாய்கள் சிக்கினார்கள்.

அவர்களில் தமிழர்களும் உண்டு. எதிரில் துப்பாக்கி பிடித்தவனும் தமிழ் பேசினான். நடுவில் மாட்டிக்கொண்டு செத்த ஊர்மக்களும் தமிழ் பேசினார்கள்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை மராட்டிய மாநிலத்துத் தமிழர்கள் மறக்கக் கூடாது. 1946-ல் பம்பாயில் பிறந்தவர். மாதுங்காவில் உள்ள எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில் படித்தவர். 1972-ல் மகார் ரெஜிமென்டில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1987 நவம்பர் 25-ந் தேதி, யாழ்ப்பாணத்தில் தேடுதல் வேட்டை முடிந்து திரும்பும் வழியில் அவரது படையைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். பரமேஸ்வரன் பின்பக்கமாகச் சுற்றி வளைத்துக் கைகலப்பில் இறங்கினார். மார்பில் குண்டு பாய்ந்தது. அந்த நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார். சாகும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். அமைதிப்படையில் பரம வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

1990 மார்ச் 24-ந் தேதி அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திரும்பியது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

கடிதம் வராதவர்கள்

இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்குக் கடைசிக் கடிதம் என்று சொல்லிக்கொள்ளக்கூட எதுவும் இல்லை. கணவன் எங்கே, மகன் எங்கே என்பதற்குப் பதில் இல்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் சாலை ஓரத்தில் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அந்தப் போராட்டம் நடந்தது. பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய்மார்களும் உண்டு.

பல்லோவின் மனைவிக்குச் சாம்பலாவது கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. இவர்களுக்கு இரண்டும் இல்லை. அதை நினைத்தால், ஒரு வீட்டில் இருக்கும் பழைய கடிதம் எவ்வளவு பெரிய சொத்து என்பது விளங்கும்.

பரணில் உள்ள பெட்டி

பட்டாளத்துப் பெட்டி இருக்கும் வீடுகளில், துணிக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு கடிதக் கட்டு இருக்கும். வீட்டை இடித்துக் கட்டும்போதும், குவார்ட்டர்சைக் காலி செய்யும்போதும் "பழைய காகிதம்தானே" என்று எடைக்குப் போடுவது அதைத்தான்.

போடாதீர்கள்.

உறையைக் கிழித்து எறியாதீர்கள். அதில்தான் தேதி முத்திரை இருக்கும். அனுப்பியவரின் நம்பரும் படைப்பிரிவும் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்த வீட்டில், பெரியவர் எந்தப் படையில் இருந்தார் என்று பேரனுக்குச் சொல்ல அந்த ஒரு வரி போதும். மழைக்காலத்துக்கு முன் எடுத்து நிழலில் உலர்த்துங்கள். மடிப்பில் கிழிவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இன்று கையால் எழுத வேண்டாம். போனில் படம் எடுத்தாலே போதும்.

தேஹு ரோட்டில் இருந்து சில மைல் போனால் தேஹு கிராமம். துக்காராம் மகராஜ் பிறந்த ஊர். அவர் எழுதிய ஏடுகளை இந்திராயணி ஆற்றில் போட்டுவிடச் சொன்னார்கள் என்றும், 13 நாள் கழித்து அவை நனையாமல் மேலே வந்தன என்றும் இந்தப் பக்கத்துச் சனங்கள் பக்தியோடு சொல்வார்கள்.

அது மகானின் ஏடு. ஆறு திருப்பிக் கொடுத்தது. சாதாரண மனிதர்களின் காகிதத்தை எந்த ஆறும் திருப்பிக் கொடுக்காது. வீட்டில் உள்ளவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.